இரண்டு வாகனங்களும் ஒரு முற்றமும்

கிண்ணியா

அன்புள்ள சிவகுருநாதன் அண்ணனுக்கு,

உங்கள் கூட்டாளி ஸைனுலாப்தீனின் மனைவி சுபைதா எழுதிக்கொள்வது. நோர்வேயின் குளிரில் நீங்கள் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். நான் சுகம் என்று எழுதினால் அது பொய்.

போனில் கதைக்காமல் கடிதம் எழுதுகிறேனே என்று நினைப்பீர்கள். புருஷன் மௌத்தாகி இத்தாவில் துக்கம் காப்பவள் பிற ஆண்களோடு கதைப்பது சரியில்லை என்று இங்குள்ள பெண்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் எனக்கு ஏலாது. உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன்.

மகன் ஸப்வானிடம் நீங்கள் சொன்னதை அவன் எனக்குச் சொன்னான். முற்றத்தில் நிற்கும் இரண்டு வாகனங்களையும் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடு, இனி நான் அங்கே வந்து யாரைப் பார்க்கிறது என்றீர்களாம். அதைக் கேட்டதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அவருடைய ஜனாஸா அடக்கத்துக்கு உங்களால் வர முடியாமல் போனதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்தச் சொல்லில்தான் குறை.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும் அவர் உங்களை வீடியோவில் எடுத்து, போனைக் கதிரையில் சாய்த்துவைத்துவிட்டுத் தன் மொறிஸ் காருக்குக் கீழே படுத்துவிடுவார். நீங்கள் இங்கே விட்டுப்போன டட்சனின் எஞ்சினை மொறிஸில் ஏற்றியதிலிருந்து, கொஞ்சம் வேகமாக விட்டால் கத்துகிறது, பின் சில்லுகளைத் தாங்கும் அக்சலையும் டட்சனுடையதாக மாற்றினால்தான் கொழும்புவரை நிம்மதியாகப் போகலாம் என்று இருவரும் எவ்வளவு கதைத்தீர்கள்! அவர் என் தையல் நாடாவை எடுத்து அங்குலத்தில் அளந்து சொல்வார். நீங்கள் அங்கிருந்து மில்லிமீற்றரில் கணக்குப் பார்த்துப் பிழை என்பீர்கள். பிறகு சண்டை. சோறு ஆறிப்போகும். இரண்டு கிழட்டு வாகனங்களையும் இரண்டு கிழவர்களையும் கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன் என்று நான் ஏசுவேன். அந்தச் சண்டை இல்லாத வெள்ளிக்கிழமையை எனக்குத் தாங்க முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் இரண்டு வாகனத்தின் அக்சலையும் கழற்றி முற்றத்தில் வைத்த அன்று, டட்சனைக் கல்லில் ஏற்றி விட்டுவிடுவோம், அது இனி ஓடப்போவதில்லைதானே என்று மெக்கானிக் நஸ்ரி கேட்டான். மொறிஸின் அக்சலை அதற்குப் பூட்டச் சொன்னார் இவர். ஸ்பிரிங் வில்லு உட்காரும் இடம் பொருந்தாது, வெட்டி ஒட்ட வேண்டும், எஞ்சினே இல்லாத வாகனத்துக்கு இது வீண் வேலை என்றான் அவன். அதற்கு இவர், "அவன்ட வாகனம் கல்லில நிக்கப்படாது மகன். அவன் வந்து பாக்கக்குள்ள கல்லில நிண்டா, நீ வரமாட்டாய் எண்டு நாங்க முடிவெடுத்த மாதிரி இருக்கும்" என்றார். குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்று என் காதாலே கேட்டேன். மறுநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து நெஞ்சு நோகுது என்று உட்கார்ந்தவர்தான். பிறகு எழும்பவில்லை.

போன கிழமை நஸ்ரியைக் கூப்பிட்டேன். யன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டே வேலை வாங்கினேன். மொறிஸின் அக்சலை வெட்டி ஒட்டி உங்கள் டட்சனுக்குப் பூட்டிவிட்டான். சில்லுகள் நான்கும் நிலத்தில் நிற்கின்றன. ஸப்வானும் அவனும் தள்ளிப் பார்த்தார்கள், உருண்டது. வாப்பா இருந்திருந்தால் என்று ஸப்வான் தொடங்கினான். இரும்புக்காரனின் கதையை அவன் இப்போது எடுப்பதில்லை.

மொறிஸ் கல்லில்தான் நிற்கிறது. உங்கள் அக்சலை அதற்குப் பூட்டட்டுமா என்று நஸ்ரி கேட்டான். வேண்டாம் என்றுவிட்டேன். அதன் அளவு உங்கள் இருவருக்கும்தான் தெரியும். ஒருவர் போய்விட்டார். மற்றவர் வந்து பக்கத்தில் நின்று பூட்டுவிக்கட்டும்.

வீட்டுக்கு வருகிற பெண்கள் நல்லவர்கள். பொறுமையாக இரு என்கிறார்கள், ஓதுகிறார்கள். ஆனால் அவர் துறைமுகத்தில் லொறி ஓட்டிய காலத்தில் எப்படிச் சிரிப்பார், எதற்கெல்லாம் பிடிவாதம் பிடிப்பார் என்று கதைக்க இங்கே ஒருவரும் இல்லை. என்னைக் கட்டுவதற்கு முன்பே அவரை அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். என் இத்தா முடிந்த பிறகாவது வாருங்கள். ஸப்வான் உங்களை அவரை அடக்கிய மையவாடிக்குக் கூட்டிப் போவான். யாரைப் பார்க்க வருவது என்று மட்டும் இனிச் சொல்லாதீர்கள் அண்ணன். நான் இருக்கிறேன்.

சீனி வருத்தத்துக்கான மாத்திரையைத் தவறவிடாதீர்கள். பனியில் பார்த்து நடங்கள். ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். இன்னொரு மௌத்துச் செய்தியைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
சுபைதா