நல்ல கைக்கு ஒரு கட்டு

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
19-4-1971

என் கண்ணுக்கு,

என் வலது கை உடைந்துவிட்டதாகத் தெருவெல்லாம் பேச்சு. கிளப்பிவிட்டவன் நான்தான். தபாலாபீஸ் மறைவில் நின்று அதே கையால்தான் இதை எழுதுகிறேன்.

வருகிற சனிக்கிழமை அமாவாசை, தறிக்கு விடுமுறை. எலும்புக் கட்டுப் போட ஆந்திராவிலிருக்கும் புத்தூருக்குப் போகலாம் என்றதும் உன் அம்மா துணிமணியை எடுத்து வைத்துவிட்டாள். நீ வீட்டை விட்டு மாப்பிள்ளையோடு போனதிலிருந்து மூன்று வருஷமாக உன் பெயரை எடுத்தாலே எழுந்துபோகிறவள் அவள். நீ இருப்பது அந்த ஊரில்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

"பாஷ தெரியாத ஊராச்சே, அங்க நமக்கு யாரு கீறாங்க?" என்று கேட்டாள். வலி தாங்காதவன்போல் முனகிவைத்தேன்.

பத்து மணிக்குக் கட்டுப் போடுகிற இடத்தில் வரிசையில் இருப்போம். குழந்தையோடு வா. நியாயம் பேசாதே, குழந்தையை அவள் மடியில் வைத்துவிடு. திட்டினால் வாங்கிக்கொள், நான் இருபத்தைந்து வருஷமாக வாங்குகிறேன்.

என் முறை வருவதற்குள் வந்துவிடம்மா. வராவிட்டால் நல்ல கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் தறியில் உட்காராமல் கிடப்பேன். அது பெரிதில்லை. அதற்குப்பின் அவளை உன் ஊர்ப்பக்கம் அழைத்துவர என்னிடம் வேறு பொய் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா