இடது ஃபிளாப் மட்டும்

8 மார்ச் 1964, ஞாயிறு. மாட்டுங்கா.

கல்யாண் தாண்டி இருக்கும் பழைய ஓடுதளத்தில் இன்று என் கணவர், தானே செய்த விமானத்தில் மூன்றாவது தடவையாக ஏறினார். இறங்க வரும்போது, வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்புப் பலகையை, அதாவது ஃபிளாப்பைக் கீழே விட்டார். இரண்டு இறக்கையிலும் சேர்ந்து மடங்க வேண்டியது, இடப்பக்கம் மட்டும் மடங்கியது. அந்தப் பக்கம் மேலே தூக்க, விமானம் வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. நல்லவேளை, உடனே ஃபிளாப்பை மேலே இழுத்துவிட்டார். விமானம் நிமிர்ந்தது. ஃபிளாப் இல்லாமலே பயங்கர வேகத்தில் இறங்கி, ஓடுதளத்தைத் தாண்டிப் புல்லில் போய் நின்றது.

அகலமான ஃபிளாப் வைக்கச் சொன்னவள் நான். அப்படி வைத்தால் மெதுவாக இறங்கலாம், பயமில்லை என்று கணக்குப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்ற நினைப்பு. சின்ன ஃபிளாப்பாக இருந்திருந்தால் இவ்வளவு சாய்ந்திருக்காது.

திரும்பி வரும்போது ரயிலில் அழுதேன். "என் கணக்குதான் தப்பு. இனிமே ஏறாதீங்கோ."

அவர் சிரித்தார். "உன் கணக்கு சரிதான், வத்ஸலா. வலப்பக்கத்துக் கம்பி சிக்கிண்டுடுத்து. ரெண்டையும் ஒரே தண்டுல சேர்த்துட்டா சேர்ந்துதான் இறங்கும். அடுத்த ஞாயித்துக்கிழமை பாரேன்."

சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். கணக்குப் போட்ட தாள்களை எடுத்து மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். ஒரு தப்பாவது இருந்தால் காட்டி நிறுத்திவிடலாம். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.