அந்த அறையில் இப்போது நந்தினி

என் வாயைப் பொறுத்துக்கிட்ட ஒரே மனுஷியான என் அண்ணிக்கு,

நீங்க போய்ப் பதினாலு மாசம் ஆச்சு. இத்தனை நாள்ல உங்க போட்டோ முன்னால நின்னு நான் எத்தனையோ பேசியிருக்கேன். ஆனா ஒண்ணை மட்டும் சொல்லாம முழுங்கிட்டே இருந்தேன். இன்னிக்கு முழுங்க முடியல. உங்க பொண்ணு நந்தினிக்குத் தலைவலி வருது அண்ணி.

சாதாரணத் தலைவலின்னா உங்களுக்கு எதுக்கு எழுதப் போறேன்? தூங்கி எந்திரிக்கும்போது நல்லாத்தான் இருக்கா. பிரிண்டிங் அறைக்குள்ள போய் ஒரு மணி நேரம் ஆனா நெத்தியைப் பிடிச்சுக்கறா. ஞாயித்துக்கிழமை கதவைப் பூட்டி வச்சா வலியே இல்ல. உங்களுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது?

அந்த அறையை நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்ச நாள் ஞாபகம் இருக்கா? அண்ணன் சிரிச்சார். "நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து தொழிலா? ஒரு மாசம் தாங்குதான்னு பாப்போம்"னார். புருஷன் வீட்டை உதறிட்டு ஹனூர்ல இருந்து ரெண்டு பையோட நான் வந்து நின்னப்ப, "எத்தனை நாளைக்கு?"ன்னு கேக்காத ஆள் நீங்க. அதனால நீங்க "பை அச்சடிப்போமா செல்வி?"ன்னதும், அது என்னன்னே தெரியாம சரின்னுட்டேன்.

நாம இருக்கற விஜயநகர்ல வாரத்துக்கு ஒரு கிரகப்பிரவேசம், ரெண்டு கல்யாணம். வர்றவங்களுக்கெல்லாம் தாம்பூலப் பை கொடுக்கணும். பையை மேஜையில விரிச்சு, சட்டம் போட்ட வலையை அதுமேல இறக்கி, மையை ஊத்தி, ரப்பர் கட்டையால ஒரே இழுப்பு இழுத்தா மாப்பிள்ளை பேரும் பொண்ணு பேரும் பளிச்சுனு விழும். மொதல் பையில என் பொண்ணு மாதிரி வளர்ந்த நந்தினி பேரைத்தான் அடிச்சீங்க. நான் வேகமா அமுக்கி இழுக்கறதுல எழுத்தெல்லாம் பரவிடும். "கோபத்தை எல்லாம் கட்டையில காட்டாதே, கொஞ்சம் என்கிட்டயும் காட்டு"ம்பீங்க.

எழுத்து பதியறதுக்காக வலையில பூசற மருந்து வெளிச்சம் பட்டா வீணாயிடும்னு ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டினோம். மருந்து காயற வரைக்கும் அது சரி. மத்த நேரம் நீங்க துணியை ஒதுக்கி ஜன்னலைத் திறந்து வச்சுருவீங்க. மூடினது நான்தான்.

மாடியில இருக்கற வீட்டுக்காரர் ஒருநாள் படியில நின்னு மூக்கை உறிஞ்சினார். "ஏனம்மா, ஏனு வாஸ்னெ இது?"ன்னு கன்னடத்துல கேட்டார், என்ன வாடைன்னு. குடும்பத்துக்குன்னு வாடகைக்கு விட்ட வீடு, தொழில் பண்ணக் கூடாதுன்னு மொதல்லயே சொன்ன மனுஷன். நான் கூசாம, "பீரோவுக்குப் பெயின்ட் அடிக்கிறோம் சார்"னுட்டேன். எத்தனை பீரோ இருக்கும் ஒரு வீட்ல? அன்னிக்கே ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினேன். மையைக் கரைக்கற தின்னர் வாடை படிக்கட்டுக்குப் போகக் கூடாதுன்னு கூடத்துல காலையிலயும் சாயங்காலமும் சாம்பிராணி போட்டேன். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்து, இந்தக் காலத்துல இவ்வளவு பக்தியான்னு மெச்சிக்கிட்டாங்க.

நீங்க சொன்னீங்க, "கொஞ்சமாவது திற செல்வி, உள்ள மூச்சு முட்டுது"ன்னு. நான் என்ன சொன்னேன்? "காத்து வேணும்னா மொட்டை மாடிக்குப் போய்ட்டு வாங்க, வீட்டைக் காலி பண்ணச் சொன்னா நான் எங்க போவேன்?" அந்த ஒரு வார்த்தைக்கு நீங்க அடங்கிட்டீங்க. எனக்கு வேற போக்கிடம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். அது உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்.

அறையில பல்லி இல்லாமப் போச்சு. கவனிச்சது நீங்கதான். இந்த வீட்ல எல்லாச் சுவத்துலயும் பல்லி ஓடும், அந்த அறையில மட்டும் ஒண்ணு கூடக் கிடையாது. எறும்பும் வர்றதில்ல. "கொசுவர்த்தியே வேண்டாம் பாரு"ன்னு சிரிச்சீங்க. வலை கழுவின தண்ணியைக் கொட்டற மூலையில துளசி கருகினதுக்கு மட்டும் நீங்க சிரிக்கல. வேற தொட்டி வாங்கிட்டு வந்து வாசப்பக்கம் வச்சீங்க.

அப்புறம் தலைவலி. சோறு இறங்கல. ஒரு தடவை கட்டையை இழுத்துட்டு அப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. டாக்டர்கிட்ட போனோம். மாத்திரை கொடுத்தார். அதுக்கப்புறம் சரியா இருபது நாள். அறைக்குள்ள விழுந்து கிடந்தீங்க. பெரிய ஆஸ்பத்திரியில இதயத் துடிப்பு தாறுமாறாயிடுச்சுன்னாங்க, ஏன்னு தெரியலன்னாங்க. மூணாம் நாள் போயிட்டீங்க. சொந்தக்காரங்க எல்லாம், "நல்லா இருந்த குடும்பம், கண்ணு பட்டுடுச்சு"ன்னு அழுதாங்க. நானும் அவங்களோட சேர்ந்து தலையாட்டினேன்.

அறையைப் பூட்டினேன். சத்தியமாப் பூட்டினேன் அண்ணி. சாவியைப் பருப்பு டப்பாவுக்குள்ள போட்டேன். மூணு மாசத்துக்கு முன்னால நந்தினி அதை எடுத்துட்டா. "அம்மா ஆரம்பிச்சதை நான் விடமாட்டேன் அத்தை, நீங்க பக்கத்துல இருந்தா போதும்"னா. ஆபீஸ் வேலையை விட்டுட்டு வந்துட்டா. வேணாம்னு சொல்லியிருக்கலாம். "ஏன் வேணாம்?"னு கேட்டா என்ன சொல்றது? ஒரு நூலை இழுத்தா மொத்தமும் அவுந்து வந்துரும்னு பயம். அந்தப் பயத்துலயே மூணு மாசம் ஓட்டிட்டேன். டேப் ஒட்டினது ஒட்டினபடியே இருக்கு.

இன்னிக்குக் காலையில அவளைக் கூட்டிட்டு அதே டாக்டர்கிட்ட போனேன். அதே நாற்காலி. அவருக்கு நம்ம மூஞ்சி ஞாபகம் இல்ல. கண்ணைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். "ஏனு கெலஸ மாடுத்தீரா?"ன்னார். என்ன வேலை செய்றீங்கன்னு கேக்கறார். நந்தினி கொஞ்சம் கூட யோசிக்காம, "மனேலே இர்த்தீனி டாக்டர், சும்னே"ன்னா.

வீட்லதான் இருக்கேன், சும்மா. ஒரு நாளைக்கு நூறு பைக்குக் கட்டையிழுக்கற பொண்ணு சொல்றா, சும்மா இருக்கேன்னு. நம்ம வீட்ல யாரைக் கேட்டாலும் இதைத்தானே சொல்லுவோம்? வெளிய போய்ச் சம்பளம் வாங்கினா வேலை, வீட்டுக்குள்ள முதுகொடிஞ்சா சும்மா. வீட்டுக்காரர் காதுக்குப் போயிடக் கூடாதுங்கற பயம் வேற. நான் வாயைத் திறக்கல அண்ணி. அவர் மாத்திரை எழுதினார். நாங்க ஆட்டோ பிடிச்சு வந்துட்டோம்.

சாப்பிட்டு முடிச்சதும் அவ அறைக்குள்ள போயிட்டா. நாளன்னிக்குக் கல்யாணம், பை கொடுக்கணுமாம். நான் கூடத்துல உட்கார்ந்து இதை எழுதறேன். கட்டை இழுக்கற சத்தம் கேக்குது. சர்ர்ருன்னு ஒண்ணு, கொஞ்சம் விட்டு இன்னொண்ணு. அந்தச் சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கு உயிர் இருக்கு. எழுந்து போய்ச் சொல்லிடலாம்னு நாலு தடவை எந்திரிச்சேன், நாலு தடவையும் உட்கார்ந்துட்டேன். என்ன ஜென்மம் நான்?

இருங்க அண்ணி. சத்தம் நின்னுடுச்சு.

இப்ப சாயங்காலம் ஆறு மணி.

உயிருக்கு ஒண்ணும் இல்ல. மொதல்ல அதைச் சொல்லிடறேன். தரையில உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவுல தலையைத் தொங்கப் போட்டிருந்தா. தலைக்கு மேல கொடியில வரிசையா ஈரப் பைங்க. மூடாத தின்னர் டின் பக்கத்துல. கூப்பிட்டேன், தலை நிமிரல. அக்குள்ல கையைக் கொடுத்து இழுத்துட்டு வந்து வாசல்ல போட்டேன். எனக்கு அவ்வளவு பலம் எங்க இருந்து வந்துச்சோ. திரும்ப உள்ள போய்க் கறுப்புத் துணியைக் கிழிச்சேன். டேப்பை நகத்தால பேத்தேன். மருந்து பூசிக் காயவச்ச வலை அத்தனையும் வெயில் பட்டுப் பாழாச்சு. வாடை மாடிக்குப் போய் வீட்டுக்காரர் இறங்கி வந்து காள்காள்னு கத்தினார். "கத்துங்க சார், நல்லாக் கத்துங்க, ரெண்டு வருஷமா உங்களை ஏமாத்தியிருக்கோம்"னேன். மனுஷன் அப்படியே அடங்கி, அவளுக்குத் தண்ணி கொண்டு வந்தார்.

அவளுக்குத் தெளிஞ்சதும் சொல்லிட்டேன். அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்ப அவர் இதே கேள்வியைக் கேட்டார், நான் தான் பதில் சொன்னேன், வீட்ல சும்மா இருக்காங்கன்னு சொன்னேன்னு சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தா அம்மா பிழைச்சிருப்பாங்களான்னு தெரியாது கண்ணு, ஆனா அந்த அறைக்குள்ள திரும்பப் போயிருக்க மாட்டாங்கன்னு சொன்னேன்.

அவ ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அம்மா பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தாங்க? அவங்க ஒண்ணுமே சொல்லலையா அத்தை?"

இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவளும் நம்பியிருப்பா, பாதிப் பழி உங்க மேல போயிருக்கும். ஆனா நீங்க சொல்லத்தான் வந்தீங்க. "பிரிண்டிங்"னு வாயெடுத்தீங்க. மேஜைக்கு அடியில நான் உங்க கையைப் பிடிச்சு அமுத்தினேன். நீங்க என் மூஞ்சியைப் பார்த்தீங்க, வாயை மூடிக்கிட்டீங்க.

அதையும் நந்தினிகிட்ட சொல்லிட்டேன்.

அவ என்னை ஏறெடுத்துப் பாக்கல. எந்திரிச்சு உங்க ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. நாளைக்கு அண்ணன்கூடப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறா, ரத்தம் எடுத்துப் பாக்கணும். "நீங்க வர வேண்டாம்"னு கதவுக்குப் பின்னால இருந்து சொன்னா. ரிப்போர்ட்ல என்ன வருமோ, அந்த வாடை எவ்வளவு உடம்புக்குள்ள போயிருக்கோ அண்ணி. ஒரு உயிரை எடுத்துட்டுப் போனது போதாதா இந்த வீட்டுக்கு?

அவ வேண்டாம்னாலும் நான் போவேன். அவங்க வண்டியில போனா நான் பின்னால பஸ்ல போவேன். பஸ்ல இருக்கறவங்க மூக்கைப் பொத்திக்கிட்டாலும் பரவால்லன்னு, தின்னர் டின்னையும் மருந்து டப்பாவையும் இறுக்க மூடிப் பையில போட்டுக்கிட்டு போய், டாக்டர் கேக்கறதுக்கு முந்தியே மேஜை மேல வைப்பேன். உங்க பொண்ணு என்னை மன்னிக்கலைன்னாலும், வீட்டை விட்டுப் போன்னு சொன்னாலும், அவ முழுசாக் குணமாற வரைக்கும் இந்த வாசலை விட்டு நகர மாட்டேன். இது உங்க கை மேல சத்தியம்.

உங்க கையை அமுத்தின நாத்தனார்,
செல்வி