பச்சை போதும்

அருப்புக்கோட்டை
14.9.1986

அன்பு மகன் சௌந்தரபாண்டியனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தைகளும் பிலாயில் சுகமாக இருக்க மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயந்துகொண்டே படிக்காதே. அப்பா உயிரோடு இருக்கிறார். இதை எழுதும்போது எதிரில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். ஒரு கண் அவர் மேல் வைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்க நீ கண்ணாடிக் குழாயும் நீல மருந்தும் அனுப்பியதிலிருந்து, தினமும் காலையில் அந்த மருந்தில் அவர் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சிப் பார்க்கிறேன். நீலம் மாறாமல் இருந்தால் நல்லது, பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை, செங்கல் நிறம் என்றால் மோசம் என்று நீ எழுதியதைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். முப்பது வருடம் நூலுக்குச் சாயம் போட்ட மனிதருக்கு இப்போது கண் மங்கிவிட்டது, நிறம் பார்ப்பது என் வேலை. கட்டிலில் இருந்தபடியே "என்ன கலரு?" என்பார்.

போன மாதம் நான்கு நாள் தொடர்ந்து பச்சை வந்ததை உனக்கு எழுதினேன். மாத்திரையைக் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னாய். நான் கேட்கவில்லை. பஸ் ஏறி இறங்க அவரால் முடியாதே, எல்லாம் நமக்குத் தெரிந்ததுதானே என்று நானே ஒன்றை இரண்டாக்கினேன். பிறகு பன்னிரண்டு நாளும் நீலம். உனக்குப் பெருமையாக எழுதினேன், பக்கத்து வீட்டுக் கருத்தம்மாளிடமும் பீற்றிக்கொண்டேன்.

இதற்கிடையில் அவர் கால் புண் ஆறவில்லை, பாதமும் வீங்கியது; வாய் கசக்கிறது என்று சாப்பாட்டைக் குறைத்தார். நான் அதையும் நல்லதுக்கு என்றே நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் நீலம்தான். மாத்திரை கொடுத்தேன், ஒரே ஒரு இட்லி சாப்பிட்டார். பதினோரு மணிக்குப் பார்த்தால் பனியன் தொப்பலாக வேர்த்திருக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இல்லாத நூலைக் காட்டி, "அதை வெயில்ல போடாதே, வெளுத்துப்போகும்" என்று என்னைத் திட்டுகிறார். சர்க்கரை தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். கருத்தம்மாள் டம்ளரில் சீனித்தண்ணி கரைத்துக்கொண்டு ஓடி வந்து, "மதினி, எங்க மாமனாருக்கும் இப்படித்தான் வந்துச்சு, இதைக் குடிக்கச் சொல்லுங்க" என்றாள். "வெசத்தையா கொண்டுட்டு வாரே?" என்று கத்தி, டம்ளரைத் தட்டிவிட்டேன். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அப்பா சரிந்துவிட்டார்.

கருத்தம்மாள் மகன் காளிராஜ் வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். ஊசியை எடுப்பதற்குள் அப்பா கண்ணைத் திறந்து, "என்ன இம்புட்டுக் கூட்டம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காலையில்கூட நீலம்தானே என்று டாக்டரிடம் கேட்டேன். நீலம் என்றால் சர்க்கரை கூடவில்லை என்று மட்டும்தான் அர்த்தமாம், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அது காட்டாதாம். கிட்னி பாதிக்குமேல் கெட்டிருக்கிறதாம், அதனால் மாத்திரை உடம்பை விட்டு இறங்காமல் தங்கி வேலை செய்திருக்கிறது. இருதயமும் பலவீனமாம். பேச்சு இருக்கும்போதே சீனித்தண்ணி கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார். பாண்டி, அந்த டம்ளரைத் தட்டிவிட்ட கை இது. இதே கையால்தான் சோறு போடுகிறேன்.

இந்த வயதில் இத்தனை வியாதியோடு இருக்கிறவருக்கு நீலம் வேண்டாம், பச்சை போதும் என்று சொல்லி, மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். சர்க்கரை கூடினால் மெதுவாகத்தான் கெடுக்கும், குறைந்தால் அரை மணி நேரம்தான் என்றார். மெதுவாக என்றால் எத்தனை வருடம் என்று கேட்டேன். சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "மகன் எங்கம்மா இருக்காரு? லெட்டர் போடுங்க" என்றார்.

உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. டாக்டரிடம் கேள் என்று நீ எழுதிய கடிதம் பெட்டியில் இருக்கிறது, நேற்றும் எடுத்துப் படித்தேன். கருத்தம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். டம்ளர் நசுங்கிப்போச்சு, வேற வாங்கித் தாங்க மதினி என்று சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கட்டில் தலைமாட்டில் இப்போது ஒரு டப்பா சீனி இருக்கிறது.

இன்று காலை "என்ன கலரு?" என்றார். பச்சை என்றேன். முகம் வாடிப்போய், "பாண்டிக்கு எழுதிராதே, வருத்தப்படுவான்" என்றார். எழுதிவிட்டேன். நல்ல பச்சை, வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். பொங்கலுக்கு நாலு மாதம் இருக்கிறதப்பா. பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பச்சை இருக்கும்போதே வந்துவிடு.

எல்லோரும் நோய் நொடியில்லாமல் நல்லாயிருங்கள்.

உன் அம்மா,
சுந்தராம்பாள்