காராச்சேவு டின்னில் இருந்த முகம்

சிம்மக்கல், மதுரை
12-8-1938

விஜயத்துக்கு,

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நம் மகள் பட்டு கண்ணை மூடிய பிறகும் டின்னில் அவள் முகத்தை ஒட்டிக் காராச்சேவு விற்றது தப்பு. நீ அம்மா வீட்டுக்குப் போனதுதான் சரி.

மாவரைக்க நான் வைத்த எண்ணெய் இன்ஜினால்தான் கம்பெனி வளர்ந்தது என்று பீற்றிக்கொண்டேன். அவள் சிரிப்புக்குத்தான் டின் திண்டுக்கல் வரை போயிருக்கிறது.

"படம் இல்லாட்டி எம்புட்டுடா விக்கும்?" என்று அண்ணன் கத்தினார்.

"விக்காட்டிப் போகட்டும்ணே" என்று லேபிள்களையெல்லாம் அடுப்பில் போட்டேன்.

லேபிளுக்காக அவள் முகம் செதுக்கிய அச்சு பிளாக்கையும் உடைக்கச் சுத்தியலை ஓங்கியபோதுதான், அவளை எடுத்த ஒரே போட்டோவை அச்சாபீசில் தொலைத்துவிட்டது நினைவு வந்தது. கை இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிளாக்கை எடுத்து வருகிறேன். அதில் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். மச்சம் வலது கன்னத்தில் இருக்கிறதே என்று மிரளாதே. அவள்தான்.

இப்படிக்கு,
அவள் அப்பா