நான் மடி ஏந்தவில்லை

என் வீட்டுக்காரருக்கு,

உடம்பு நலம்தானே? வழக்கைப் பற்றி எழுதமாட்டேன்; ஜெயிலர் பிரித்துப் படிப்பாராம். இதைப் படிக்கட்டும்: நம் தெருப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு வந்துவிட்டது!

கொடுத்தது யார் தெரியுமா? நாம் கூலி உயர்வு கேட்டு நடவுக்கு இறங்காமல் நின்றோமே, அந்த மிராசுதாரின் வீட்டம்மா.

திட்டாதீர்கள். "அந்த வீட்டுல மடி ஏந்தாதே" என்றீர்கள், ஏந்தவில்லை. நெல் அவிக்கப் போன நாளெல்லாம், நம் மரத்தடி வகுப்பில் எந்தப் பிள்ளை பெயர் எழுதக் கற்றது என்று மட்டும் அந்த அம்மாவிடம் சொல்லிவந்தேன். நாலு மாதம் நான் எதுவும் கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை கொல்லைப்புறம் போகாமல், தெருவாசலில் நின்று வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினேன்.

"பள்ளிக்கூடம் திறக்குறோம். அவசியம் வரணுங்க."

கல்யாண அழைப்புபோல நீட்டியதும் பழக்கதோஷத்தில் வாங்கிக்கொண்டார். வாங்கிவிட்டால் வந்தாக வேண்டுமல்லவா?

"கூரை போட்டாச்சா?"

"இல்லீங்க. சுவருதான் நிக்குது."

"அப்ப நான் வந்து வெயில்ல காயவா?"

உள்ளே மிராசுதார் இருமினார். அந்த அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. மறுநாள் இரண்டு வண்டி ஓடு வந்து இறங்கியது.

தை பிறந்ததும் திறப்பு. அதற்குள் நீங்கள் வந்துவிடுவீர்கள். முன்வரிசையில் அந்த அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி உங்களுக்கு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் உட்காருங்கள்.

இப்படிக்கு,
பள்ளிக்கூடக் குழுச் செயலாளரும்
உங்கள் மனைவியுமான நான்