செங்குருவித் தூளும் அப்பாவின் கடதாசியும்

ஸ்கந்தபுரம்
06.03.2024

அன்புள்ள அக்கா,

இதை ஒருவருக்கும் காட்டாதேங்கோ. போனில் சொன்னால் அப்பாவுக்குக் கேட்கும். எல்லாரும் படுத்த பிறகு எழுதுகிறேன்.

கிளிநொச்சிச் சந்தையில் எங்கள் செங்குருவி லேபிளோடு வேறு மிளகாய்த்தூள் விற்கிறார்கள். அதே சிவப்புக் குருவி, உள்ளே பாதி உமி. அம்மா போய்ச் சண்டை பிடிக்க, கடைக்காரர், "உங்கட தூள்தானே ராஜினியக்கா, ஏன் கத்துறியள்?" என்று சிரித்தாராம். வாங்கியவர்கள் பக்கெற்றைத் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் வாசல் படலையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் வேலை செய்யும் சட்டத்தரணியைக் கொண்டு நோட்டீஸ் அனுப்பவேண்டும் என்கிறா அம்மா. ஆருக்கு என்றுதான் அம்மாவுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். பூநகரி மில்லுக்கார வீரகத்தி மாமா. அப்பப்பா செத்த துடக்கென்று முப்பத்தொரு நாளும் வீட்டில் தூள் இடிக்கவில்லையே, அப்போது அப்பா அம்மாவுக்குச் சொல்லாமல் அவரிடம் ஒரு கட்டு லேபிள் கொடுத்தவர். எங்கள் பேரில் இடிக்கலாம் என்று கடதாசியும் எழுதிக் கொடுத்தவர். எப்போது நிறுத்துவது என்று அதில் இல்லை. நான் கேட்டதற்கு, "சிநேகிதனுக்குத் திகதி போட்டே குடுக்கிறது?" என்றார்.

நான் என்ன செய்ய?

யது

கொழும்பு
11.03.2024

அன்பு யது,

அப்பாவில் எனக்குச் சரியான கோபம். செங்குருவி அம்மாவின் பேரில் பதிந்த வியாபாரக் குறி. அப்பாவின் கடதாசி செல்லாது. ஆனால் நாங்கள் பேசாமலிருந்தால், அம்மா சம்மதித்துத்தான் விட்டவா என்று வீரகத்தி சொல்லுவார். நோட்டீஸ் தயார், அம்மாவின் கையெழுத்துத்தான் வேண்டும். முதலில் அப்பா வாயைத் திறக்கட்டும். ஞாயிறு வரை பார்ப்பேன். பிறகு நானே அம்மாவுக்குச் சொல்வேன்.

பயப்படாதே.

அக்கா சிவதர்சினி

ஸ்கந்தபுரம்
17.03.2024, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். "சொன்னால் அவள் பார்க்கிற பார்வை உனக்குத் தெரியாது பிள்ளை" என்றார். பத்து நாளாக அம்மாவுக்கு முன்னாலிருந்து சாப்பிடுகிறேன், எனக்குத் தெரியாதா என்று கேட்டேன். எழும்பிப் போய்விட்டார்.

பின்னேரம் முழுக்க அம்மா திரும்பி வந்த பக்கெற்றுகளின் லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தா. "ஆரெண்டு தெரிஞ்சால் அவன்ர மில்லுக்கு முன்னாலயே போய்க் குந்தியிருப்பன்." அப்பா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கத்தவேண்டும் போல் இருந்தது.

இப்போதுதான் இருவரும் எழும்பிப் போய்க் குசினிக்குள் கதைக்கிறார்கள். அப்பாவின் குரல்தான் கேட்கிறது. "வீரகத்தி" என்றார். கதிரை இழுபடுகிறது. அக்கா, அவா

கதவைத் தட்டுகிறா. "யது, உனக்கும் தெரியுமோடி?"